பாதியில் வைத்துவிட்டு எழக்கூடிய வேலைகள்: மலையூர் வீட்டில் குழந்தைகளும் சமையலும் கம்பளிப் பின்னலும்

திருநெல்வேலியிலிருந்து உதகைக்குக் குடிவந்து ஐந்து மாதங்களே ஆன ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு நான்கு வயது, மகனுக்குப் பதினான்கு மாதம். கணவர் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புகிறார். மூன்று வேளையும் வீட்டிலேயே சமைக்க வேண்டும், டிசம்பர் குளிருக்குள் மகளுக்குத் தன் கையால் ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் பருப்பு வேகவில்லை, இட்லி மாவு புளிக்கவில்லை, ஊசியைக் கையில் எடுத்தால் மகன் நூலைப் பிடித்து இழுக்கிறான். இது செப்டம்பர் தொடக்கம். இனி முடியுமா, முடியுமென்றால் எங்கிருந்து தொடங்குவது என்பதே அவர் கேள்வி.

முடியும். நான் இந்த ஊரில் முப்பத்து நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன்; மூன்று பிள்ளைகளை இங்கேதான் வளர்த்தேன்; அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தே பல குளிர்காலங்கள் கழிந்திருக்கின்றன. அந்த அனுபவத்திலிருந்து முதலில் ஒன்றைச் சொல்கிறேன். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் தாய்க்குத் தொடர்ச்சியாக ஒரு மணி நேரம் கிடைப்பதில்லை. ஏழு நிமிடம் கிடைக்கும், பிறகு மூன்று நிமிடம் கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பிற்பகலில் அரை மணி நேரம் கிடைக்கும். ஆகவே சமையலானாலும் பின்னலானாலும் ஒரு வேலையை எடுக்குமுன் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இதை இந்த நொடியே கீழே வைத்துவிட்டு எழுந்தால் கெட்டுப்போகுமா என்பதுதான். கெட்டுப்போகாத வேலைகளைப் பகலுக்கும், கெட்டுப்போகிற வேலைகளைக் கணவர் வீட்டில் இருக்கும் நேரத்துக்கும் ஒதுக்குங்கள். என் முதல் பிள்ளையின் காலத்தில் இது எனக்குத் தெரியாமல், பூரி பொரிக்கும்போதும் பூவேலைப்பாடுள்ள சால்வை பின்னும்போதும் குழந்தை அழைத்தால் எரிந்து விழுந்தேன். எரிந்து விழும்படியான வேலையைத் தவறான நேரத்தில் எடுத்தது நான். அழைத்த குழந்தையின் மேல் எந்தப் பிழையும் இல்லை.

சமையலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பருப்பும் மாவும் உங்களை ஏமாற்றுவதற்குக் காரணம் உங்கள் கைப்பக்குவம் அல்ல, இந்த மலை. உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை குறைவதால், இங்கே தண்ணீர் 100 பாகைக்குப் பதிலாக 92, 93 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு தீயைக் கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. நீர் வேகமாக வற்றுமே தவிரப் பருப்பு வேகமாக வேகாது. ஆகவே திருநெல்வேலியில் திறந்த பானையில் செய்தவற்றையெல்லாம் இங்கே குக்கருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குக்கரிலும் உள்ளழுத்தம் என்பது வெளிக்காற்றின் அழுத்தத்தோடு மேலே வைக்கும் வெயிட் கூட்டித்தரும் அழுத்தம் என்பதால், சமவெளியைவிட உள்சூடு சில பாகை குறைவாகவே இருக்கும். துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, ஊரில் வைத்ததைவிட இரண்டு விசில் கூடுதலாக விட்டால் மசிந்துவிடும். ராஜ்மா, பட்டர் பீன்ஸ் போன்ற காய்ந்த கொட்டைகளை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் குக்கரிலேயே வேகவையுங்கள். குறிப்பாக ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குழந்தைகளுக்குக் கொடுக்குமுன் ஒரு கொட்டையை விரலால் நசுக்கிப் பாருங்கள், உள்ளே சிறிதும் கெட்டியாக இருக்கக்கூடாது.

இட்லி மாவின் கதையும் இதேதான், ஆனால் அங்கே குற்றவாளி உயரமன்று, குளிர். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்கள், அவற்றுள் முக்கியமாக லியூகோனோஸ்டாக் என்னும் பாக்டீரியா, வெளியிடும் வாயுதான் மாவைப் பொங்கவைக்கிறது. முப்பது பாகைக்கு அருகில் அவை சுறுசுறுப்பாக வேலை செய்யும். உங்கள் சமையலறை இரவில் பன்னிரண்டு பாகைக்குப் போகும்போது அவை ஏறக்குறைய உறங்கிவிடுகின்றன. உளுந்தோடு ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஊறவைத்து, வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, கையாலேயே நன்றாகக் கலந்துவிடுங்கள். முந்தைய மாவில் ஒரு கரண்டி மிச்சம் இருந்தால் சேருங்கள். உப்பு புளிப்பதைச் சற்றுத் தாமதப்படுத்தும் என்பதால் குளிர்மாதங்களில் நான் மாவு பொங்கிய பிறகே உப்பிடுகிறேன். பிறகு மாவுப் பாத்திரத்தை, கை பொறுக்கும் சூட்டில் நீர் ஊற்றிய பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி, மூடி, பழைய கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை அதற்குப் போட்டுவிடுங்கள். கழுத்து வழியாக மூடியின் பிடி வெளியே தெரிய, கைகள் இரண்டையும் சுற்றிக் கட்டினால், கம்பளி இழைகளுக்கிடையில் அடைபட்ட காற்று வெப்பத்தை வெளியே விடாது. நீரின் சூடு கை பொறுக்காத அளவுக்குப் போனால் நுண்ணுயிர்கள் இறந்துவிடும். அதில் மட்டும் கவனம் தேவை. காலை பத்து மணிக்கு அரைத்து வைத்தால் மறுநாள் காலைக்கு மாவு தயாராக இருக்கும். என் வீட்டில் என் மூத்த மகனின் முதல் ஸ்வெட்டர்தான் இருபத்தைந்து ஆண்டுகளாக மாவுப் பாத்திரத்துக்குச் சட்டையாக இருக்கிறது.

பாதியில் விட முடியுமா என்ற கேள்வியை உங்கள் ஊர்ச் சொதியை வைத்தே விளக்குகிறேன். சொதிக்கு வேண்டிய கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி எல்லாம் நீலகிரியில் நிலத்திலிருந்து எடுத்த அன்றே சந்தைக்கு வருபவை. முருங்கைக்காய்தான் கீழிருந்து ஏறி வரவேண்டும். பாசிப்பருப்பையும் காய்களையும் தேங்காயின் இரண்டாம் பாலிலோ மூன்றாம் பாலிலோ வேகவைத்து இறக்குவது வரை எந்த இடத்திலும் அடுப்பை அணைத்துவிட்டு நீங்கள் எழுந்து போகலாம். ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் ஒன்றும் ஆகாது. கெட்டியான முதல் பாலைச் சேர்க்கும் கட்டம்தான் காத்திருக்காது. அது கொதித்தால் திரிந்துவிடும். ஆகவே முதல் பாலைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, எல்லோரும் உண்ண அமருமுன் சேர்த்து, சூடேறியதும் இறக்கி எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். பச்சைமிளகாயையும் இஞ்சியையும் தொடக்கத்திலேயே போடாமல், குழந்தைகளின் பங்கைத் தனியே எடுத்த பிறகு எண்ணெயில் வதக்கிப் பெரியவர்களின் பாத்திரத்தில் சேர்த்தால், ஒரே சமையலில் நால்வருக்கும் உணவாகிவிடும்.

இந்த எடுத்துவைக்கும் முறையைச் சாம்பாருக்கும் கூட்டுக்கும் கீரைக்கும் அப்படியே பின்பற்றலாம். பன்னிரண்டு மாதம் முடிந்த குழந்தை வீட்டார் உண்ணும் உணவையே மசித்து உண்ணலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும். ஒரு வயதுக்கு மேல் இரண்டு வயது வரை நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை உணவும், இடையில் ஒன்றிரண்டு முறை சிற்றுண்டியும் போதும். தனிச்சமையல் செய்து உங்களை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. மகன் பாலையே கேட்கிறான் என்று நாள் முழுவதும் கொடுத்துக்கொண்டிருந்தால் சோறு இறங்காது. அரை லிட்டருக்கு மேல் போகும்போது இரும்புச்சத்துக் குறைவும் வரும். குளிருக்கு இதமாக இருக்குமென்று குழந்தைக்குத் தேநீர் பழக்குவதும் இந்தப் பக்கத்தில் உண்டு. வீட்டுக்கு எதிரிலேயே தேயிலைத் தோட்டம் இருந்தாலும் அதைச் செய்யாதீர்கள். உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைத் தேநீர் தடுக்கும். அதற்குப் பதிலாகக் கேழ்வரகுக் கூழ் கொடுங்கள். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து அரைத்த மாவில் இன்னொரு நன்மையும் உண்டு. முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தைச் சிதைப்பதால் கூழ் பசைபோல இறுகாமல் இளகி இருக்கும். அதனால் அதே கிண்ணத்தில் கூடுதலாக மாவு கரைத்துக் கொடுக்க முடியும், சிறிய வயிற்றுக்குக் கூடுதல் சத்துப் போகும். முளைகட்டிய தானியத்தை இங்கே வெயிலை நம்பி உலர்த்த முடியாது. மூன்று நாள் மேகம் மூடினால் பூசணம் பிடித்துவிடும். ஊருக்குப் போகும்போது அங்கே உலர்த்தி அரைத்துக்கொண்டு வாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. உதகைக் கேரட் இனிப்பாக இருக்கிறது என்று வட்டமாக நறுக்கிப் பச்சையாகக் குழந்தை கையில் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பச்சைக் கேரட் துண்டும் முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. மகனுக்கு மட்டுமன்றி நான்கு வயது மகளுக்கும் துருவியோ ஆவியில் வேகவைத்தோ கொடுங்கள்.

இனிப் பின்னலுக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பது அக்ரிலிக் என்னும் செயற்கை நூலா, ஆட்டுக்கம்பளியா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் இரண்டையுமே உல்லன் என்றுதான் சொல்லிக் கொடுப்பார்கள். ஓர் அங்குல நூலை இடுக்கியில் பிடித்து, வீட்டுக்கு வெளியே தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். ஆட்டுக்கம்பளி மெதுவாகப் பற்றி, மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு தானே அணைந்து, விரலில் பொடியும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகி எரிந்து கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். உதகையை அடுத்த சாண்டிநல்லாவில் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையமும், அங்கே நீலகிரி ஆட்டோடு மெரினோ, ராம்புலே இனங்களைக் கலந்து உருவாக்கிய சாண்டினோ என்னும் இனமும் இருந்தாலும், நம் கடைகளில் உருண்டையாகக் கிடைக்கும் நூலில் பெரும்பகுதி பஞ்சாபின் லூதியானாவிலிருந்து வருவதுதான். அதில் பெரும்பாலானது அக்ரிலிக் அல்லது கலப்பு. அக்ரிலிக்கை இழிவாக நினைக்க வேண்டியதில்லை. அது அரிக்காது, எளிதில் துவைக்கலாம், விலையும் குறைவு. ஆனால் அது தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதை மறக்காதீர்கள். அக்ரிலிக் சால்வையின் முனை தொங்க அடுப்பின் முன் நிற்கக்கூடாது. கணப்பின் அருகே அந்த ஸ்வெட்டரோடு குழந்தையை உட்கார வைக்கக்கூடாது. கணப்பைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன்: சன்னலையும் கதவையும் அடைத்துக்கொண்டு கரிக்கணப்பு மூட்டி உறங்குவது உயிரைப் பறிக்கும், ஏனெனில் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. குளிருக்குப் பல அடுக்கு ஆடைதான் பாதுகாப்பு. பருத்தி உள்சட்டை, மேலே முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர் என்று மெல்லிய அடுக்குகள் மூன்று இருந்தால், அவற்றிடையே நிற்கும் காற்று தடிமனான ஒரே ஆடையைவிட நன்றாக வெதுவெதுப்புத் தரும்.

நடுத்தரக் கனமுள்ள நூலில், எட்டாம் எண் ஊசியால் பின்னும்படியாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் ஊசி எண் பழைய ஆங்கில முறைப்படி இருப்பதால், எண் ஏற ஏற ஊசி மெலியும். எட்டு என்பது 4 மில்லிமீட்டர், பத்து என்பது 3.25 மில்லிமீட்டர். நான்கு வயதுப் பிள்ளைக்கு 250 முதல் 300 கிராம் நூல் வேண்டும். எல்லா உருண்டைகளின் தாளிலும் சாயத்தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கினால் அதே நிறம் கிடைக்காது. நிறத்தை மகளே தேர்ந்தெடுக்கட்டும்; தான் தேர்ந்த நிறத்துக்காக அவள் காத்திருப்பாள், தம்பி நூலை இழுத்தால் தடுக்கவும் செய்வாள்.

இரண்டு நேர் ஊசிகளுக்குப் பதிலாக, நடுவில் நெகிழும் கம்பியுள்ள வட்ட ஊசியை வாங்குங்கள். வட்டமாகப் பின்ன வேண்டுமென்பதில்லை; அதிலேயே முன்னும் பின்னுமாகத் தட்டையாகவும் பின்னலாம். நேர் ஊசி ஓர் அடிக்கு மேல் நீளம், கூர்முனை குழந்தையின் கண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் திடீரென்று எழுந்தால் ஊசியில் ஏற்றிய நூல் வளையங்களான கண்ணிகள் உருவிக்கொள்ளும். வட்ட ஊசியில் முனைகள் குட்டையானவை. எழும்போது கண்ணிகளைக் கம்பியின் நடுவுக்குத் தள்ளிவிட்டால் அவை அங்கேயே நிற்கும். பாதியில் விடத்தக்க பின்னலுக்கு இதைவிட உதவியான கருவி இல்லை.

தொடங்குமுன் பன்னிரண்டு செ.மீ. சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதன் நடுவில் பத்து செ.மீ. அகலத்துக்குள் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை வருகிறது என்று எண்ணுங்கள். ஒரு வரிசை நிட் (நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் பின்னுவது), ஒரு வரிசை பர்ல் (நூலை முன்னால் வைத்துப் பின்னுவது) என்று பின்னும் சாதாரணப் பின்னலில் 22 கண்ணியும் 28 வரிசையும் வந்தால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தும். 24 வந்தால் உங்கள் கை இறுக்கம், ஏழாம் எண் ஊசிக்கு மாறுங்கள். 20 வந்தால் கை தளர்வு, ஒன்பதாம் எண் எடுங்கள். இந்தத் துண்டைப் பின்னச் சோம்பல்பட்டு நேரே ஸ்வெட்டரைத் தொடங்கியவர்கள் முக்கால்வாசி பின்னியபின் பிரித்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்களைப் போல் நேரம் குறைந்தவர்கள்தான் இதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

மகளின் மார்புச் சுற்றளவு 57 செ.மீ. அளவில் இருக்கும் என்று கொள்கிறேன், அளந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே சட்டை போடவும் அடுத்த ஆண்டு அணியவும் ஏழு செ.மீ. தளர்வு கூட்டினால் 64. பாதிக்கு 32 செ.மீ., அதற்கு 70 கண்ணி, இரு ஓரத் தையலுக்கு இரண்டு, ஆக 72. பத்தாம் எண் ஊசியில் 72 கண்ணி ஏற்றி, ஒரு கண்ணி நிட், ஒரு கண்ணி பர்ல் என்று மாற்றி மாற்றி வரும் நெகிழ்வான ரிப் ஐந்து செ.மீ. பின்னி, எட்டாம் எண்ணுக்கு மாறி மொத்தம் 38 செ.மீ. வரும்வரை நேராகப் பின்னுங்கள். அக்குளில் குறைக்க வேண்டியதில்லை. பின்பாகம் இவ்வளவுதான். முன்பாகத்தில், முடிவுக்கு ஐந்து செ.மீ. இருக்கும்போது நடுக் கண்ணிகள் 16ஐ ஒரு நூலில் கோத்து நிறுத்திவிட்டு, இருபுறமும் தனித்தனியாக, கழுத்தோரத்தில் வரிசைக்கு ஒன்றாக எட்டு முறை குறைத்தால் தோளுக்கு இருபது இருபது கண்ணி மிஞ்சும். தோள்களை இணைத்தபின் கழுத்தைச் சுற்றிக் கண்ணி எடுத்து மூன்று செ.மீ. ரிப் பின்னி, கடைசி வரிசையை ஆறாம் எண் ஊசியால் தளர்வாக முடியுங்கள். சிறு பிள்ளைகளுக்கு உடலை ஒப்பிடத் தலை பெரிது. நான்கு வயதில் தலைச்சுற்று ஐம்பது செ.மீ. இருக்கும். கழுத்து இறுக்கமாக முடிந்த அழகான ஸ்வெட்டர் எத்தனையோ தலையில் நுழையாமல் அலமாரியில் கிடக்கின்றன. நூலை வெட்டுமுன் மகளின் தலையில் போட்டுப் பாருங்கள். பொத்தான் வைக்காதீர்கள், மகன் கடித்துப் பிய்த்துவிடுவான். கழுத்தில் இழுத்துக் கட்டும் கயிறும் வேண்டவே வேண்டாம்; விளையாட்டுச் சறுக்கிலோ கதவுப் பிடியிலோ மாட்டிக்கொண்டால் கழுத்தை நெரிக்கும்.

கைகளை மணிக்கட்டிலிருந்து மேலே பின்னுவதுதான் வழக்கம். நீங்கள் மேலிருந்து கீழே பின்னுங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். தோளின் இருபுறமும் பதினான்கு பதினான்கு செ.மீ. அளந்து அந்த ஓரத்தில் 62 கண்ணி எடுத்து, ஆறு வரிசைக்கு ஒருமுறை இருபுறமும் ஒவ்வொன்றாகப் பதினோரு முறை குறைத்தால் 40 ஆகும். பிறகு பத்தாம் எண் ஊசியில் ஐந்து செ.மீ. ரிப் பின்னி முடித்தால் 28 செ.மீ. நீளக் கை வந்துவிடும்.

நேரக் கணக்கையும் போட்டுக்காட்டுகிறேன். முன்பாகமும் பின்பாகமும் ஒவ்வொன்றும் 106 வரிசை, வரிசைக்கு 72 கண்ணி. இரண்டும் சேர்ந்து பதினையாயிரத்துச் சொச்சம். கைகள் இரண்டும் ஏறத்தாழ எட்டாயிரம். ஆக 23,000 கண்ணிகள். கை பழகாதவர் நிமிடத்துக்கு இருபது கண்ணி பின்னினால் மொத்தம் 19 மணி நேரம். நாளொன்றுக்கு அரை மணி நேரம் என்றால் நாற்பது நாள். காய்ச்சல், விருந்தினர், பிரித்துத் திருத்துதல், தையல் எல்லாவற்றுக்கும் இன்னொரு மாதம் சேர்த்தாலும் நவம்பர் நடுவில் முடிந்துவிடும். ஒரு வரிசைக்கு மூன்றரை நிமிடம் ஆகிறது என்பதைக் கவனியுங்கள். பருப்பு ஐந்து விசில் விடுவதற்குள் சமையலறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து மூன்று வரிசை பின்னிவிடலாம். அடுப்படியிலேயே நூலை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். காரணத்தை முன்னமே சொன்னேன்.

வரிசையின் நடுவில் எழ நேர்ந்தால் குழம்ப வேண்டியதில்லை. திரும்பி வரும்போது, உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அந்த ஊசியை வலக்கையில் பிடித்துத் தொடருங்கள். திசை தவறவே தவறாது. ஒவ்வொரு இருபது வரிசைக்கும், ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளின் ஊடாகவும் வேறு நிறப் பருத்தி நூலைத் தையல் ஊசியால் கோத்து அப்படியே விட்டுவிடுங்கள். மகன் ஒருநாள் ஊசியை உருவி எடுத்துக்கொண்டு ஓடுவான், அது நிச்சயம். அன்று பின்னல் அந்த நூல் வரைதான் அவிழும். அவன் உருவியதும் பதறிப் பின்னலைப் பறித்து இழுக்காதீர்கள். தரையில் பரப்பினால் கம்பளிக் கண்ணிகள் சட்டென்று ஓடிவிடாமல் நிற்கும், ஒவ்வொன்றாகக் கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியால் ஏற்றிவிடலாம். வரிசைக் கணக்குக்குப் பின்னூசி குத்தி வைக்காமல் நாட்காட்டித் தாளின் பின்புறம் கோடு கிழியுங்கள். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு பின்னூசி காணாமல் போனால் அன்றைய நாளே போய்விடும்.

மகளை இந்த வேலைகளிலிருந்து ஒதுக்கி வைக்காதீர்கள். நான்கு வயதுப் பிள்ளை பட்டாணி உரிக்கும், கீரை ஆயும், அரிசியை ஆழாக்கால் அளந்து போடும். வேகம் இருக்காது, தரையெல்லாம் சிந்தும். ஆனால் தான் உரித்த பட்டாணியைத் தானே எண்ணித் தின்னும் பிள்ளைக்கு நீங்கள் ஊட்டிவிட வேண்டியிருக்காது. பின்னல் வேண்டுமென்று கேட்டால் ஊசி கொடுக்காமல் விரல் பின்னல் சொல்லிக்கொடுங்கள்: இடக்கையின் நான்கு விரல்களிலும் நூலை முன்னும் பின்னுமாக வளைத்து, மேலே இன்னொரு சுற்றுப் போட்டு, கீழ்ச் சுற்றை விரலுக்கு மேலாகத் தூக்கிவிடுவதுதான். ஒரு வாரத்தில் நீளமான பட்டை ஒன்று பின்னிவிடுவாள். அதைப் பொம்மைக்குத் துண்டாக வெட்டிக்கொடுங்கள். நீளமாகவே விட்டால் தம்பியின் கழுத்தில் சுற்றி விளையாடுவார்கள்.

மகனுக்குக் காலுறை பின்னும் எண்ணம் வந்தால், உள்பக்கத்தில் நூல் எங்கும் தொங்காதபடி பின்னுங்கள். இரண்டு நிறம் மாற்றிப் பின்னும்போது பின்புறம் ஓடும் நூல் சிறு விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல் வீங்கிவிடும். காலுறைக்குள் இருப்பதால் கண்ணில் படாது. காரணம் தெரியாமல் குழந்தை விடாது அழுதால் முதலில் காலுறையைக் கழற்றிப் பாருங்கள்.

கணவர் ஏழு மணிக்கு வந்தபின் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுவதும் மகனை உறங்கவைப்பதும் அவர் வேலையாகட்டும். முன்பாகத்தின் கழுத்துக் குறைப்பு, தோள் இணைப்பு, கைக்குக் கண்ணி எடுத்தல் ஆகிய மூன்றும் பாதியில் விட முடியாதவை. ஒவ்வொன்றுக்கும் தடையில்லாத ஒரு மணி நேரம் வேண்டும். அந்த மூன்று மாலைகளை முன்கூட்டியே அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமலே புரிந்துகொள்வார் என்று காத்திருந்து நான் வீணாக்கிய மாதங்கள் அதிகம்.

துவைப்பது எளிது. ஆட்டுக்கம்பளியின் இழையில் மீன்செதில் போன்ற செதில்கள் இருப்பதால், சூடான நீரில் போட்டுத் தேய்த்தால் அவை ஒன்றோடொன்று கொக்கிபோல மாட்டிக்கொண்டு ஸ்வெட்டர் பொம்மை அளவுக்குச் சுருங்கிவிடும். குளிர்நீரில் பூந்திக்கொட்டைச் சாறோ ஷாம்புவோ கலந்து ஊறவைத்து, தேய்க்காமல் அழுத்திப் பிழிந்து, துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும். அக்ரிலிக்குக்குச் சூடான இஸ்திரிப் பெட்டி மட்டும் ஆகாது. வடகிழக்குப் பருவமழை ஓயும் வரை எதுவும் ஒரு நாளில் உலராது.

கையை மேலிருந்து கீழே பின்னச் சொன்னதற்குக் காரணம் இதுதான்: பின்னல் முடித்த முனையிலிருந்துதான் எளிதாகப் பிரியும், தொடங்கிய முனையிலிருந்து பிரியாது. மணிக்கட்டு உங்கள் முடிவு முனையாக இருந்தால், அடுத்த டிசம்பரில் மகளின் கை நீண்டு ஸ்வெட்டர் மேலேறி நிற்கும்போது, ரிப்பை மட்டும் பிரித்துக் கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றி, இரண்டு அங்குலம் கூட்டிப் பின்னிவிடலாம். ஆகவே மிஞ்சும் நூலில் ஐம்பது கிராமையாவது உருண்டையின் தாளோடு ஒரு பையிலிட்டு, இரண்டு வேப்பிலைக் கொத்தோடு அலமாரியில் வைத்துவிடுங்கள். அக்ரிலிக்காக இருந்தால் வேப்பிலையும் தேவையில்லை, பூச்சி அதைத் தொடாது.